நெல்லைச் சீமையில் பேய் நடமாட்டம் உள்ள இடங்கள்: ஒரு வாரப் பயணம், எங்கே போகலாம்?

சிறுவாணிக்காரன்
எல்லோருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர். ஆடி மாதம் ஒரு வாரம் விடுப்பு கிடைக்கிறது. நானும் நண்பன் ஒருவனும் பைக்கில் திருநெல்வேலிப் பக்கம் வரலாம் என்றிருக்கிறோம். குற்றாலம், நெல்லையப்பர் கோவில் எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இந்தத் தடவை மாடன் கதை, இசக்கி கதை, பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லும் இடங்கள், இவற்றை மட்டுமே பார்க்க ஆசை. சின்ன வயதில் பக்கத்து வீட்டு நாங்குநேரி ஆச்சி சொன்ன கதைகளைக் கேட்டுப் போர்வைக்குள் நடுங்கியவன் நான். அந்த ஊர்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் கனவு.

யூடியூபில் பார்த்துக் குறித்து வைத்தவை: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் ஆளில்லாத லயன் வீடுகள் (தொழிலாளர்கள் இருந்த வரிசை வீடுகள்), ஆதிச்சநல்லூர், தேரிக்காடு, கருப்பந்துறைச் சுடுகாடு, சொரிமுத்து அய்யனார் கோவில் காடு. இரவில் போனால்தான் அனுபவமே கிடைக்கும் என்கிறார்கள். எது முதலில், எது கடைசியில்? எங்கே தங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநைக்கரை
வாங்க தம்பி. எனக்கு அம்பாசமுத்திரம். உங்கள் பட்டியலில் எங்கள் பக்கத்து இடம் சொரிமுத்து அய்யனார் கோவில்தான், அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் வரும். அங்கிருந்து மலையேறினால் காரையார் போகிற வழியில் ஆற்றங்கரையில் கோவில். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு, பிளாஸ்டிக் பை எதையும் உள்ளே விடமாட்டார்கள், மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். ஆகவே இரவு அனுபவம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. விதிவிலக்கு ஆடி அமாவாசை. அப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். நீங்கள் ஆடியில் வருவதால் அதற்கே வரலாம். ஆனால் தனி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். எத்தனை நாள் அனுமதி, பைக் போகுமா, இதையெல்லாம் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோவிலுக்குள் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பட்டவராயன் சன்னிதிக்குப் போங்கள். அங்கே செருப்பு தொங்கும். நேர்ந்துகொண்டவர்கள் தோலில் தைத்துக் கொண்டுவந்து கட்டிய செருப்புகள். சாதாரணக் காலுக்குப் பொருந்தாத அளவில் பெரியதாகவும் சிலது இருக்கும். அடுத்த வருடம் வந்து பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும், பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவல் போகிறார் என்பது எங்கள் நம்பிக்கை. தேய்ந்த செருப்பு ஒன்றைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். குதிகால் பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து, வார் கருத்து, உள்பக்கம் விரல் பதியும் இடம் பளபளவென்று இருந்தது. ஒரு ஆள் போட்டு நடந்த செருப்பு எப்படி இருக்குமோ அப்படியே. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாது, கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் கதை தெரியாமல் அந்தச் செருப்பைப் பார்த்துப் பிரயோசனமில்லை. பட்டவராயன் என்று கும்பிடப்படும் முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். இந்தக் காட்டு வழியே வரும்போது பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்கள் பாடுவதைக் கேட்டு மனம் பறிகொடுத்துவிட்டான். அவர்கள் செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த வாலப்பகடையின் மகள்கள். பெண் வேண்டுமென்றால் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, எங்கள் தொழிலைச் செய்து காட்டு என்கிறார் வாலப்பகடை. அவன் செய்கிறான். அண்ணன்மார் பிடித்துக் கல்லால் கட்டிய அறையில் அடைத்தும் அடங்கவில்லை. கல்யாணம் நடக்கிறது. அன்றைக்கே கிடையிலிருந்த மாட்டைக் கள்ளர் ஓட்டிப் போய்விட்டார்கள் என்று ஆள் வருகிறது. மாப்பிள்ளைக் கோலத்தோடு ஓடிச் சண்டை போட்டு ஜெயித்து, ஓடையில் ரத்தத்தைக் கழுவும்போது ஒளிந்திருந்த நொண்டிக் கள்ளன் ஒருவன் முதுகில் குத்திவிடுகிறான். பெண்கள் இரண்டு பேரும் சிங்கம்பட்டி ராஜாவிடம் அனுமதி கேட்டு அவனோடு தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டில் இந்த இடம் வரும்போது கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது. பொம்பளையாட்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் அங்கேயே மணிமுழுங்கி மரமும் இருக்கிறது, இலுப்பை. நேர்த்திக்கடனாகக் கட்டிய மணிகளை மரம் பட்டையால் மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். சங்கிலி பூதத்தார் முன்னால் இரும்புச் சங்கிலியால் உடம்பில் அடித்துக்கொண்டு ஆடுவதையும் பார்க்கலாம்.

நைட்ரைடர்
நண்பரே, மாஞ்சோலையை விட்டுவிடாதீர்கள். இப்போது வீடெல்லாம் காலி. கதவு தானாக ஆடும், உள்ளே பாத்திரம் கிடக்கும். வீடியோ எடுக்க அதைவிட இடம் கிடையாது. சாவடியைத் தாண்ட வழி இருக்கிறது, தனிச்செய்தியில் கேளுங்கள்.

நாலுமுக்கு மகள்
நைட்ரைடர், நான் பிறந்தது நாலுமுக்கு எஸ்டேட்டில். நீங்கள் சொல்லும் அந்த வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எஸ்டேட்டுகள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நான்கு தலைமுறை அங்கே கொழுந்து கிள்ளியிருக்கிறோம். குத்தகை முடிய 2028 வரை இருந்தும் 2024-இல் எல்லோருக்கும் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். சாமான் ஏற்றிய வண்டியில் இடமில்லாமல்தான் பாத்திரத்தை விட்டுவிட்டு வந்தோம். கதவு ஆடுவது மலைக்காற்றில். கொண்டி போட்டுவிட்டு வர எங்கள் அம்மாவுக்கு மனசு வரவில்லை, பூட்டினால் திரும்ப வர மாட்டோம் என்று சொன்னார்.

அந்த லயனில் பேய் கிடையாது. பிள்ளை பிறந்திருக்கிறது, கல்யாணம் நடந்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டிருக்கிறோம், கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரித்திருக்கிறோம். உங்கள் வீடியோவில் அதைப் பேய் வீடு என்று போட்டால் அதைப் பார்க்கப் போவது பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் என் அம்மா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலியில் எங்கள் ஆட்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் தாமிரபரணிக்குள் விழுந்து 17 பேர் இறந்தார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையும் அதில் உண்டு. வருடா வருடம் அந்தத் தேதியில் ஆற்றில் பூப் போடுகிறார்கள். சிறுவாணிக்காரன், நீங்கள் ஆடியில் வருகிறீர்கள், தேதி ஒத்துவந்தால் அங்கே போய் நில்லுங்கள்.

பொருநைக்கரை
தங்கச்சி சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை. சாவடியைத் தாண்டுவது வனச்சட்டப்படி குற்றம். அது யானை, சிறுத்தை, கரடி நடமாடும் காடு. அங்கே இரவில் எதிரே வருவது நிச்சயம் பேயாக இருக்காது.

சிறுவாணிக்காரன்
அக்கா, மாஞ்சோலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது, எழுதியதற்கு நன்றி. ஜூலை 23-க்குக் கட்டாயம் திருநெல்வேலியில் இருப்பேன்.

தேரிக்காட்டான்
தேரிக்கு வரலாம், தாராளமாக. ஆனால் பகலில், தண்ணீரோடு.

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி பக்கமெல்லாம் மைல் கணக்கில் செம்மணல். 1986 வரை இதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான், இப்போது தூத்துக்குடி. மணலுக்குச் சிவப்பு வந்தது ஒவ்வொரு பருக்கை மேலும் படிந்திருக்கும் இரும்புத் துருவால். எங்கள் ஊரில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் உச்சிப்பொழுதில் தேரிக்குள் போகாதே, முனி அடித்துவிடும் என்பார்கள். கறிச்சோறு கொண்டுபோனால் தூக்குச்சட்டிக்குள் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி.

ஒரு தடவை ஆடிக்காற்றில் உள்ளே நின்று பாருங்கள், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிற மேல்காற்று மணலை அள்ளிக்கொண்டே இருக்கும். காலையில் நீங்கள் போட்ட தடம் மத்தியானம் இருக்காது. மேடு இருந்த இடத்தில் பள்ளம். நாலு பக்கமும் ஒரே மாதிரி பனையும் உடைமரமும் கொல்லாமரமும். வெயில் உச்சிக்கு வந்தால் நிழல் வைத்துத் திசை கண்டுபிடிக்கவும் முடியாது. பனையேறப் போய் வழி தவறி, நாக்கு வறண்டு மயங்கிக் கிடந்தவர்களை ஊர்க்காரர் தூக்கி வந்த கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. மயக்கம் தெளிந்தவர், யாரோ கூப்பிட்டார்கள், பின்னாலேயே போனேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மணலில் காற்று கூப்பிடத்தான் செய்யும்.

சாமி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார். சுற்றி மணல், நடுவில் வற்றாத சுனை, அதற்குக் காவலாக அவர். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். இந்தக் கோவில்களுக்குப் பங்குனி உத்திரத்தன்று வந்து பாருங்கள். மும்பை, சென்னை என்று எங்கே பிழைக்கப் போனவர்களும் சாஸ்தா என்கிற அய்யனாரைத் தேடி வந்துவிடுவார்கள்.

கார்த்திகைக் கடைசியில் கற்குவேல் அய்யனாருக்குக் கள்ளர் வெட்டு. கோவிலுக்குப் பின்னால் தேரியில் கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் விழுந்த செம்மண்ணை அள்ளக் கூட்டம் பாயும். எங்கள் அப்பா அள்ளி வந்த மண் இன்னும் வீட்டில் சின்ன டப்பாவில் இருக்கிறது. வயலிலும் ஒரு சிட்டிகை தூவுவோம்.

அறிவியல் வாத்தியார்
தேரிக்காட்டான் சொன்ன வெயில் மயக்கம் உண்மையான ஆபத்து, அதை லேசாக எடுக்க வேண்டாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தலைக்குத் துண்டு. கொள்ளிவாய்ப் பிசாசு என்று குளத்துப் பக்கம் சொல்வார்கள். அழுகிய செடி கொடியிலிருந்து கிளம்பும் வாயு எரிவது என்று அதற்கு விளக்கம் சொல்வது உண்டு. இருந்தாலும் என் மாணவர்களிடம் கதையைக் கேட்டு எழுதி வரச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவேன். அந்தக் கதையில் எந்தக் கிணறு ஆழம், எந்த ஓடையில் திடீர் வெள்ளம் வரும், எல்லாம் இருக்கிறது.

பழைய ஏட்டுக்காரன்
ஆதிச்சநல்லூர் பற்றி யாரும் எழுதவில்லையே. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் 24 கிலோமீட்டர். 114 ஏக்கர் மேடு முழுக்க ஈமக்காடு. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப் பட்டம், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு வேல் எல்லாம் கிடைத்தன. 2023-இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகள் கிடைத்த நிலையிலேயே இருக்கும், மேலே நின்று பார்க்கலாம்.

எங்கள் ஆச்சி சொன்ன கதை வேறு. அந்தக் காலத்தில் மனுசருக்குச் சாவே வராதாம். வயசாக வயசாக உடம்பு குறுகிக் குழந்தை அளவுக்கு வந்துவிடுவார்களாம். மாடக்குழியில் வைத்தால் உருண்டு விழுவார்கள் என்று பெரிய பானைக்குள் உட்கார வைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம். விளக்கு அணையும்வரை உள்ளே முனகல் கேட்குமாம். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது ஆச்சி குரலைத் தாழ்த்துவார். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தாழியைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த முனகல்தான். அங்கே போவதற்கு முந்தின நாள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். கூடவே ஒரு சின்னப் பானைச் சில்லைக்கூட எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

நம் சீமையில் செத்தவர் சாமியாகிற வழிக்கு இன்னும் இரண்டு உதாரணம் தருகிறேன். ஏரலில் சேர்மன் அருணாசல சுவாமி. 1906-இல் ஏரல் சேர்மனாக ஆனவர், 1908 ஆடி அமாவாசையன்று இறந்தார், அதே பதவிப் பெயரோடு இன்று பெரிய கோவில். இன்னொருவர் வெள்ளைக்காரர், கேப்டன் போல். 1809-இல் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சண்டையில் காயம்பட்டு இறந்தார். அவர் சமாதியில் சாராயமும் சுருட்டும் வைத்து நம் ஊர்க்காரர்கள் கும்பிட்டதை இடையன்குடியில் இருந்த கால்டுவெல் எழுதி வைத்திருக்கிறார். அகால மரணம் அடைந்தவர் எதிரிப் படையில் வந்தவராக இருந்தாலும் அவருக்குப் பிடித்ததைப் படைத்துச் சாந்தப்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். இந்த மனசு எனக்கு ரொம்பப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒரு சிக்கல்: ஏரலிலும் ஆடி அமாவாசைதான் திருவிழா. சொரிமுத்துக்கு மேலே போனால் ஏரலை அன்றைக்குப் பார்க்க முடியாது.

மந்தமகுடம்
கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கு ராத்திரி போக வேண்டாம் தம்பி. அங்கே தினமும் யாரோ ஒருவர் வீட்டு அழுகை நடக்கிறது.

சுடுகாட்டையும் ராத்திரியையும் பார்க்க முறையான வழி ஒன்று இருக்கிறது. சுடலைமாடன் கொடைக்கு வாங்க. சீவலப்பேரி, ஆறுமுகமங்கலம் பெரிய கோவில்கள். சின்ன ஊர்க் கோவில் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் தலைமுறையாக மகுடம் என்கிற தோல்மேளம் அடிப்பவர்கள், நாங்கள் கணியான்கள். அதனால் உள்ளிருந்து சொல்கிறேன்.

கோவில் என்றால் கோபுரம் இருக்காது. ஒரு ஆலமரமோ வேம்போ, வெள்ளையடித்த பீடங்கள், அவ்வளவுதான். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, ஒரு பக்கம் எங்கள் கூத்து. அண்ணாவி நடுவில் நின்று பாடுவார், இரண்டு பேர் பெண் வேடம் கட்டி ஆடுவார்கள், இரண்டு பேர் மகுடம். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. ஓலையைக் கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காட்டிக் காட்டி சுருதி ஏற்றுவோம். பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும், மறுபடியும் தீ. புகை வாசத்தோடு மந்தம் விழும்போது அடிவயிற்றில் உறைக்கும்.

சாமக்கொடையில் கதை சுடலை பிறப்பில் தொடங்கும். கயிலாயத்தில் பார்வதி ஏந்திய விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, பசி தாங்காமல் மயானத்துக்குப் போய்ப் பிணம் தின்றதால் பூமிக்கு இறக்கிவிடப்பட்டவன். தாய் பிரிந்து அழும் இடத்தைப் பாடாமல் எந்த அண்ணாவியும் தாண்ட மாட்டார். பிறகு மேளம் ஏறும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். எங்கள் ஆட்களில் ஒருவர் கையைக் கீறி ரத்தம் கொடுப்பார், கைவெட்டு என்போம். அதைப் படம் பிடிக்காதீர்கள்.

நடு ராத்திரி கழிந்து வேட்டைக்குப் போவார். தெருவிளக்கை அணைத்துவிடுவார்கள், பெண்களும் பிள்ளைகளும் வெளியே வரமாட்டார்கள். கோமரத்தாடி ஒரு கையில் தீப்பந்தம், ஒரு கையில் வல்லயம் என்கிற ஈட்டியோடு சுடுகாட்டுக்கு ஓடுவார். கொஞ்ச நேரத்துக்கு மேளம் நிற்கும். சலங்கைச் சத்தம் மட்டும் தூரத்தில் போய், அதுவும் கேட்காமல் போகும். சில ஊரில் எலும்போடு திரும்புவார். திரும்பி வந்ததும் முதலில் செய்வது என்ன தெரியுமா? பிள்ளை இல்லாதவர்கள், நோயாளிகள், வழக்கில் மாட்டியவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் திருநீறு போட்டு, நான் இருக்கேன் போ என்பார். ராத்திரி முழுக்கப் பயந்த சனம் அந்த ஒரு சொல்லுக்குத்தான் விடியும்வரை காத்திருக்கும்.

குறுங்குடிக்காரி
அருமை அண்ணாச்சி. எங்கள் திருக்குறுங்குடியில் பெருமாள் கோவிலுக்குள்ளேயே ஒரு பேய்க்கதை இருக்கிறது. பாணர் குலத்து நம்பாடுவான் ஏகாதசி இரவில் பெருமாளைப் பாடப் போகும்போது பிரம்மராட்சசன் மறித்து, உன்னைத் தின்னப் போகிறேன் என்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போய், சொன்னபடியே வந்து நிற்கிறார். கடைசியில் தம் பாட்டின் பலனைக் கொடுத்து அந்த ராட்சசனுக்கே விமோசனம் தருகிறார். நம்பாடுவான் வெளியே நின்றே தரிசிக்கக் கொடிமரம் விலகி நின்றது என்பார்கள், இன்றும் அது நேர்கோட்டில் இல்லை, போனால் பாருங்கள். கார்த்திகையில் கைசிக ஏகாதசி இரவு இதை நாடகமாகக் கோவிலிலேயே நடிக்கிறார்கள். நடுவில் நலிந்து போயிருந்ததை 1999-இல் மீட்டெடுத்தார்கள். ராட்சசன் வரும்போது என் மகள் என் மடியில் ஏறிக்கொள்வாள், விமோசனம் கிடைத்ததும் இறங்கிவிடுவாள்.

நைட்ரைடர்
நாலுமுக்கு மகள் அக்காவுக்கு: என் பதிவிலுள்ள மாஞ்சோலை வீடியோ ஒன்றை நீக்கிவிட்டேன்.

நாலுமுக்கு மகள்
நல்லது தம்பி. அம்மாவிடம் சொல்கிறேன்.

சிறுவாணிக்காரன்
எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். ஆடியில் திருநெல்வேலி ஆற்றங்கரை, ஆதிச்சநல்லூர், ஏரல், தேரி, கடைசியில் அமாவாசைக்குச் சொரிமுத்து. கார்த்திகையில் தனியாக இன்னொரு தடவை, கைசிகத்துக்கும் கள்ளர் வெட்டுக்கும். மந்தமகுடம் அண்ணாச்சி, கொடைக்கு வரி கட்டாத வெளியூர்க்காரன் வரலாமா? சாப்பிடலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

மந்தமகுடம்
தாராளமாக வரலாம். வரி ஊர்க்காரர்களுக்குத்தான், நீங்கள் விருந்தாளி. முதலில் ஊர்ப் பெரியவர் யாரிடமாவது வந்த விவரம் சொல்லிவிடுங்கள். ஒரு பிச்சிப்பூ மாலை, தேங்காய், பழம் போதும், சுடலைக்கு ஒரு சுருட்டும் வைக்கலாம். வேட்டி கட்டி வந்தால் கோவிலுக்குள் விடுவார்கள், பேண்ட் என்றால் வெளியே நிற்கச் சொல்கிற ஊரும் உண்டு. படப்புச் சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும், எங்கள் பக்கம் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. மறுநாள் மஞ்சள் நீராட்டு, அதனால் மாற்றுத் துணி எடுத்து வாங்க. ஆடியில் வெள்ளிக்கிழமை கொடைகள் நிறைய நடக்கும். தேதி தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.